பத்துக்குப் பத்து வாங்கிய கார் திருப்பாலைவனம் தாண்டவில்லை

எங்கள் ஏரிக்கரைப் பக்கம் இப்போது கார் வாங்க நினைக்கிற ஆள் முதலில் குலசாமியைக் கும்பிடுகிறார், அடுத்து செல்போனை எடுத்து நட்சத்திரம் எண்ணுகிறார். போன மாதம் எதிர்வீட்டு மூர்த்தியும் அப்படித்தான் வந்தார். சொந்தப் படகு வைத்திருக்கிறவர். காற்று திரும்பப் போவதை மூக்கை வைத்தே சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்ட ஆள் என் மூக்குக்குக் கீழே போனை நீட்டி, "ண்ணா, இந்தக் காருக்கு நாலரை ஸ்டார் போட்டுக்கீறாங்க. நம்பி வாங்கலாமா?" என்றார்.

"யாரு போட்டது?"

"ஜனங்கதான்."

"எந்த ஜனங்க?"

"இன்னாண்ணா, வக்கீலு மாதிரி கேக்கிற! வண்டி வச்சிருக்கிற ஜனங்கதான். அத்தினி பேருமா பொய் சொல்லுவாங்க?"

பொய் சொல்ல மாட்டார்கள். அதில்தான் சங்கடமே. பொய்யாக இருந்தால் எப்படியாவது பிடித்துவிடலாம். எல்லாரும் மனசாரச் சொன்ன எண்ணை என்ன செய்வது? அந்த எண்கள் எங்கே பிறக்கின்றன, யார் பிரசவம் பார்க்கிறார்கள் என்பதைக் கிட்டே நின்று பார்த்தவன் நான். பொன்னேரியில் ஒரு கார் சர்வீஸ் சென்டரின் வாசல் மேஜையில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன். மூர்த்தியிடம் சொல்ல ஆரம்பித்தேன். வலை கட்ட வேண்டும் என்று பாதியில் எழுந்து போய்விட்டார். நீங்களாவது உட்காருங்கள்.

என் நைனா கடல் தண்ணீர் புகுகிற எங்கள் உப்பு ஏரியில் வலை போட்டவர். எனக்குத் தண்ணீர் முழங்காலைத் தாண்டினால் தலை சுற்றும். இப்படி ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு மீனவக் குடும்பம் என்ன செய்யும்? தரையிலேயே ஏதாவது கழுவட்டும் என்று சர்வீஸ் சென்டரில் வண்டி கழுவ விட்டார்கள். கழுவினேன், ஆயில் மாற்றினேன், பார்த்துப் பார்த்தே ரிப்பேர் கற்றேன். தமிழும் தெலுங்கும் எனக்கு ஒரே வேகத்தில் வரும். அதைப் பார்த்து வாசல் மேஜையில் உட்கார வைத்தார்கள். வருகிறவர் வண்டிக்கு என்ன குறை என்று சொல்வார், நான் கேட்டு உள்ளே சொல்ல வேண்டும். பேச்சுக் கேட்கிற வேலைக்குச் சம்பளமும் கொடுத்தார்கள் என்பதை இன்னும் என்னால் நம்ப முடியவில்லை.

என்னவெல்லாம் பேச்சு! "பிரேக் போட்டா யோசிச்சு நிக்குது" என்பார் ஒருவர். "மூணாவது கியர் போட்டா கோவிச்சுக்குது" என்பார் இன்னொருவர். ஆரம்பாக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவர், "என் சம்சாரம் ஏறினா மட்டும் இடது பக்கம் இழுக்குதுப்பா, நான் வேற எதுவும் சொல்லலை" என்றார். கடலோரத்துக்காரர்கள் வந்தால் அது தனி பாஷை. வண்டி குலுங்கினால் "அலை மேல ஏறுது" என்பார்கள். பெட்ரோல் ஒழுகினால், "கொஞ்சம் தண்ணி விடுதுண்ணா" என்று காதோடு சொல்வார்கள். ஏன் காதோடு என்பதற்குப் பிறகு வருகிறேன்.

எங்கள் மேனேஜர் மாதவன் சார். சென்னையிலிருந்து ரயிலில் வருவார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் கைக்குட்டையை எடுத்து நான்காக மடிப்பார். இன்னும் வந்தால் எட்டாக மடிப்பார். கைக்குட்டை தபால்தலை அளவுக்குச் சுருங்கிவிட்டால் எங்களில் யாரோ ஒருவருக்கு ஸ்டோர் ரூமுக்கு மாற்றல் என்று அர்த்தம். மற்ற நேரமெல்லாம் சிரிப்புதான். வாசலில் கார் நுழையும்போது முகத்தில் ஏறும், கார் வெளியே போனதும் இறங்கிவிடும்.

வண்டியை ஒப்படைப்பதில் அவருக்கு ஒரு முறை உண்டு. முதலில் நான் காகிதக் கிண்ணத்தில் அல்வா கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். வாடிக்கையாளர் முதல் வாய் வைக்கிற நேரம் பார்த்து மாதவன் சார் சாவியோடு வருவார். வாய் நிறைய அல்வா இருக்கிறவர் எதிர்த்துப் பேச முடியாது பாருங்கள். அவர் சாவிக்குக் கை நீட்டுவார். மாதவன் சார் கொடுக்க மாட்டார். சாவியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சொல்வார்:

"நாளைக்கு உங்களுக்கு ஒரு போன் வரும் சார். ரெண்டே ரெண்டு கேள்வி. வண்டி எவ்வளவு நம்பகமா இருக்கு, பத்துக்கு எத்தனைன்னு கேப்பாங்க. எங்க சர்வீஸ் எப்படி, பத்துக்கு எத்தனைன்னு கேப்பாங்க. ரெண்டுக்கும் பத்து சொல்லிடுங்க சார். ஒன்பதுன்னு மட்டும் சொல்லிடாதீங்க. ஒன்பதுன்னா எங்களுக்கு ஃபெயில்."

ஒரு பள்ளிக்கூட வாத்தியார் அல்வாவை விழுங்கிவிட்டுக் கேட்டார்: "ஒன்பது ஃபெயிலா? என் கிளாஸ்ல நூத்துக்கு முப்பத்தஞ்சு எடுத்தா நான் முதுகுல தட்டிக் குடுக்கிறேன் சார்!"

மாதவன் சார் சிரித்தார். சாவி நெஞ்சிலேயே இருந்தது. வாத்தியார் பத்து என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் இறங்கியது.

அந்த இரண்டு எண்களும் இரண்டு வழியில் போகும். சர்வீஸுக்குப் போட்ட எண் தலைமை அலுவலகத்துக்குப் போய், குறைந்திருந்தால் மாதவன் சார் தலையில் விழும். வண்டிக்குப் போட்ட எண் நாடு முழுக்க விழுந்த எண்களோடு கலந்து, வருஷத்துக்கு ஒரு தடவை 'மக்கள் நம்பும் கார்கள்' என்று பட்டியலாக வெளியே வரும். அதை வைத்துத்தான் விளம்பரம், அதை வைத்துத்தான் மூர்த்தியின் போனில் நட்சத்திரம்.

சரி, அல்வா இல்லாத இடத்தில் ஜனங்கள் போடுகிற மார்க் சுத்தமாக இருக்குமா? அதையும் பார்த்திருக்கிறேன். புதுக் கார் வாங்கியவரிடம் சில மாதத்துக்குள் வண்டி எப்படி என்று கேட்பது, கல்யாணம் ஆன மறுவாரம் மாப்பிள்ளையிடம் பெண் எப்படி என்று கேட்பது மாதிரி. வேறு என்ன சொல்வார்? கொஞ்சம் பழகிய பிறகு கேட்டாலும், மாமனார் மச்சான் எல்லாரையும் எதிர்த்துக்கொண்டு தானே தேர்ந்தெடுத்த காரை மட்டம் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? இன்னொரு பக்கம், வாசலில் மேனேஜர் வணக்கம் சொல்லவில்லை என்பதற்காக ஒரு பாவமும் அறியாத இன்ஜினுக்கு ஒன்று போட்டவரையும் எனக்குத் தெரியும்.

அப்படியென்றால் மெக்கானிக்கைக் கேட்டு வாங்கலாமே என்பீர்கள். எங்களை மட்டும் கேட்கவே கேட்காதீர்கள். நாங்கள் பார்க்கிறதெல்லாம் நோயாளி. ஊரில் எந்தக் கார் அதிகமாக ஓடுகிறதோ அதுதான் எங்களிடம் அதிகமாக வரும். அதிகமாக வருகிறதே என்று அதையே ஓட்டை வண்டி என்போம். ஊரிலேயே பத்தே பேர் வைத்திருக்கிற கார் ரிப்பேருக்கே வராது. ஆகா, அதுதான் வண்டி என்று டீக்கடையில் சத்தியம் செய்வோம். எங்கள் யோக்கியதை அவ்வளவுதான்.

இந்த ஊரில் இதற்கு மேல் ஒரு சிக்கல் உண்டு. ஏரிக்கரைக்காரனும் வயல்காரனும் ஒரே கேள்விக்கு ஒரே பதில் சொல்ல மாட்டார்கள்.

கடலுக்கும் ஏரிக்கும் போகிற ஜனம், தன்னைச் சுமக்கிற படகை வாய்விட்டுக் குறை சொல்லாது. படகுக்குக் காது உண்டு என்று எங்கள் வீட்டில் வளர்த்தார்கள். ஓட்டை விழுந்து பாதி மூழ்கிக் கரை சேர்ந்தால்கூட, "கொஞ்சம் தண்ணி குடிச்சிடுச்சு, பாவம்" என்று தடவிக் கொடுப்பார்கள். நாளைக்கு அதில்தானே போக வேண்டும்? கார் வந்த பிறகு இந்த மரியாதை அப்படியே காருக்கும் வந்துவிட்டது. அதனால்தான் காதோடு பேசுவது. உள்ளே திருப்பாலைவனம் பக்கம் நெல் போடுகிறவர்கள் இதற்கு நேர் எதிர். களம் நிறைய நெல் குவிந்திருக்கும், விளைச்சல் எப்படி என்று கேளுங்கள், "ஏதோ" என்பார்கள். நன்றாக இருக்கிறது என்று சொன்னால் கண் பட்டுவிடும், பங்காளி வந்துவிடுவான். எட்டு, ஒன்பது என்கிற எண் அவர்கள் தொண்டையிலிருந்து வெளியே வராது.

இந்த இரண்டு கட்சிக்கும் தலைவர்கள் என் மேஜைக்கு எதிரே ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த நாள் ஒன்று உண்டு.

ஒருத்தி தோணிரேவு கஸ்தூரி. எனக்குத் தங்கச்சி முறை. நண்டு வியாபாரி. ஏரியில் நண்டு வலை போடுகிறவர்கள் பிடித்ததை வாங்கி, சென்னையில் வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஒருவரிடம் உயிரோடு கொண்டுபோய்ச் சேர்ப்பாள். உயிர் நண்டு வியாபாரத்தில் ஒரே சட்டம்தான்: கூடையைத் திறந்தால் நண்டு அசைய வேண்டும். அசையாதது குப்பைக்கு. எனவே வழியில் நிற்காத வண்டி அவளுக்கு ஆடம்பரம் இல்லை, அதுதான் பிழைப்பு. பட்டியலைப் பார்த்து, அந்த வருஷம் முதல் இடம் பிடித்த வெள்ளைக் காரை வாங்கினாள். "படிச்சவங்க, பட்டணத்துக்காரங்க, இத்தினி பேர் சொல்லிக்கீறாங்க, இன்னாண்ணா தப்பாவும்?" என்றாள்.

இன்னொருவர் திருப்பாலைவனம் தணிகாசலம். நெல் விவசாயி. பிஸ்கட் நிறத்தில் ஒரு பழைய டீசல் கார் வைத்திருந்தார். ஆயில் மாற்ற மட்டும்தான் வருவார். வந்தால் எங்களைத் திட்டாமல் போக மாட்டார்.

அன்றைக்குக் கஸ்தூரியின் கார் நான்காவதோ ஐந்தாவதோ முறையாக வந்திருந்தது.

"இன்னாம்மா, மறுபடியுமா?" என்றேன்.

அவள் கார் நிற்கிற பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, மேஜை மேல் குனிந்தாள். "நல்லாத்தான் வந்துக்கினு கீதுண்ணா. திருப்பாலைவனம் தாண்டுறப்ப மட்டும் மனசு மாறிடுது. நின்னுடுது. கொஞ்ச நேரம் கழிச்சு அதுவே கிளம்புது."

"எங்க ஊருல வந்து நிக்குதா?" தணிகாசலம் பெஞ்சிலிருந்தே குரல் கொடுத்தார். "என் வண்டிக்கு வந்த கேட்டைக் கேளும்மா. ஹாரன் அடிச்சா கோழிக்குஞ்சு கத்துற மாதிரி கீது. எருமை திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்குது. கண்ணாடி ஏத்துற கைப்பிடி கிறீச்னு கத்துது. இதெல்லாம் ஒரு வண்டியாய்யா? தலையெழுத்து!"

மறுநாள் இருவருக்கும் போன் போனது. வழியெல்லாம் நின்ற காருக்குக் கஸ்தூரி பத்து போட்டாள். ஒரு நாளும் நிற்காத காருக்குத் தணிகாசலம் நாலு போட்டார். இரண்டு பேரும் மனசாரத்தான் சொன்னார்கள்.

கஸ்தூரியின் காரில் நாங்கள் எதையும் கண்டுபிடிக்கவில்லை. பேட்டரி மாற்றினோம், பிளக் மாற்றினோம், சாவியைக்கூட மாற்றினோம். எங்கள் டிரைவர் அதைத் திருப்பாலைவனம் வரை ஓட்டிப் போய், டீ குடித்துவிட்டு, போன வேகத்திலேயே திரும்பி வந்தார். 'குறை எதுவும் இல்லை' என்றார்கள். உள்ளே வேலை செய்கிற ஒருவன், அந்த ஊர்க் கோயிலில் தேங்காய் உடைக்கச் சொன்னான். அதையும் உடைத்தாள். கார் அதற்கும் மசியவில்லை.

அந்தக் கார் எங்கள் ஷெட்டுக்குள் வந்தாலே பூஜை அறை மாதிரி வாசனை வரும். சாம்பிராணி. உள்ளே தரைவிரிப்பு வரைக்கும் நல்ல தண்ணீரில் கழுவி, வெயிலில் காய்ந்து மொறமொறவென்று இருக்கும். இவ்வளவு சுத்தமாகக் கார் வைத்திருக்கிற வாடிக்கையாளர் உண்டா என்று மாதவன் சார் மற்றவர்களுக்கு அதைக் காட்டுவார். எதற்குக் கார் வாங்கினாய் என்று கேட்டபோது, "குடும்பத்துக்குத்தான் சார். நண்டு டெம்போல போவுது" என்று சொல்லியிருந்தாள்.

ஒரு நாள் பின்சீட்டு மடிகிற இடத்தில் என் விரலில் ஏதோ குத்தியது. எடுத்துப் பார்த்தேன். காய்ந்துபோன நண்டுக் கால். யாரும் பார்க்காமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, டீக்கடைக்கு வரச் சொல்லி அவள் எதிரே வைத்தேன்.

"இது எந்த டெம்போலேர்ந்து இறங்கிச்சு?"

அவள் முகம் சிறுத்துவிட்டது. "மெதுவாண்ணா. டெம்போக்காரன் நினைச்சா வர்றான், நினைச்சா வரலை. பஸ்ல கூடையை ஏத்தினா கண்டக்டர் இறக்கி வுடுறாரு. பக்கத்துல குந்தினு இருக்கிறவங்க முந்தானையால மூக்கைப் பொத்துறாங்க. அதுக்குத்தான் கார் வாங்கினேன். அதுலயும் நண்டுன்னு சொன்னா உங்க மேனேஜரு கர்ச்சீப்பைத் தூக்குவாரு. இங்க வர்றதுக்கு முந்தி கழுவி, காய வச்சு, புகை போட்டுத்தான் எடுத்தாறேன்."

ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் காயத்தைக் கழுவி, பவுடர் போட்டு மறைத்துக்கொண்டு போனால் டாக்டர் என்ன பார்ப்பார்?

"நிக்கிறதால இன்னா நஷ்டம் உனக்கு?"

"ரெண்டு லோடு வெயில்ல செத்துப்போச்சு. இன்னொரு வாட்டி செத்தது வந்துதுன்னா வேற ஆளைப் பாத்துக்கிறேன்னு சொல்லிட்டாரு அந்த ஏத்துமதிக்காரரு. அவரு போனா, தோணிரேவுக்காரங்க எல்லாம் வெளியூரு புரோக்கர்கிட்டதான் நண்டு போடணும். அவன் தராசு எப்பிடி நிக்கும்னு உனக்குத் தெரியாதா? என்னை நம்பி வலை போடுறாங்கண்ணா."

மறுநாள் லீவு போட்டுவிட்டு அவளோடு காரில் போனேன். பின்சீட்டை மடித்துவிட்டு, கயிற்றால் கட்டிய நண்டுகளைக் கூடையில் அடுக்கி, மேலே ஈரச் சாக்கு போட்டிருந்தாள். கார் வெண்ணெய் மாதிரி ஓடியது. பட்டியல்காரர்கள் சொன்னது சத்தியம் என்று நானே நினைத்தேன். திருப்பாலைவனத்தில் ஒரு புளியமரத்து நிழலில் நிறுத்தினாள். இறங்கிப் போய் ஒரு கேனை எடுத்து, சாக்குகள் மேல் தாராளமாகத் தண்ணீர் ஊற்றினாள்.

"இன்னா தண்ணி?"

"ஏரித் தண்ணிதாண்ணா. நல்ல தண்ணி ஊத்தினா நண்டு மயங்கிடும். வழில ஒரு வாட்டி நனைச்சாத்தான் பட்டணம் வரைக்கும் தாங்கும்."

தினமும் இங்கேயா என்றேன். நிழல் இருக்கிற இடம் இதுதானே என்றாள். ஏறி உட்கார்ந்தோம். ஊர் எல்லை தாண்டியது. கார் இருமியது. நின்றது.

இதற்கு மெக்கானிக் தேவையில்லை. கண் இருந்தால் போதும். உப்புத் தண்ணீர் கூடை வழியாக இறங்கி, விரிப்பு வழியாக இறங்கி, பின்சீட்டுக்கு அடியில் எதையோ நனைக்கிறது. காய்ந்தால் ஓடுகிறது. அந்தக் கோயில் சாமிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நாங்கள் உடைக்கச் சொன்ன தேங்காய் பாவம். துணியால் துடைத்து, காய வைத்து, தாமதமாகப் போய்ச் சேர்ந்தோம். ஒரு கூடையில் பாதி அசையவில்லை. ஏற்றுமதிக்காரர் திட்டவில்லை. "இதுதாம்மா கடைசி" என்றார், அவ்வளவுதான்.

கஸ்தூரி காரை எங்களிடமே விட்டாள். எங்கே நனைகிறது, எப்படி அடைப்பது என்று சொல்ல தலைமை அலுவலக இன்ஜினியர் வர வேண்டும். மாதவன் சாரிடம் போனேன். நண்டு என்று சொல்ல அவள் எனக்கு அனுமதி தரவில்லை. "அடியில தண்ணி இறங்குது சார், இன்ஜினியரைக் கூப்பிடணும்" என்று மட்டும் சொன்னேன்.

அவர் கணினியைத் திருப்பிக் காட்டினார். "ஏழுமலை, பாருப்பா. பத்து, பத்து, பத்து. வரிசையா பத்து போட்டிருக்காங்க. பத்து போட்ட வண்டிக்கு இன்ஜினியரைக் கேட்டா அங்க சிரிக்க மாட்டாங்களா?"

"வண்டி நிக்குது சார்."

"அப்ப ஏன் பத்து போட்டாங்க?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. என்னிடம் பதிலும் இருந்தது. படகுக்குக் காது உண்டு என்று சென்னைக்காரருக்கு எப்படிச் சொல்வது? குறைந்த மார்க் போட்டவருக்குத்தான் இன்ஜினியர் வருவார். அதாவது கத்துகிற நோயாளிக்குத்தான் டாக்டர். பல்லைக் கடித்துக்கொண்டு 'சுகம்' என்று சொல்கிறவர் வீட்டுக்குப் போகலாம்.

கஸ்தூரியிடம் கெஞ்சினேன். "இந்த வாட்டி போன் வந்தா வண்டிக்கு ரெண்டுன்னு சொல்லு, தாயி."

"என்னால ஆவாதுண்ணா. நாளைக்கு அதுலதான் ஏறணும்."

"அது இரும்பும்மா!"

"படகு மட்டும் இன்னா, மாம்சமா?"

காரை எடுக்க வந்த அன்று, அவள் கூடத்தில் அல்வாக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தாள். மாதவன் சார் சாவியை நெஞ்சில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். வழக்கமாக மறுநாள் வருகிற போன், முந்தின சர்வீஸுக்கு விட்டுப்போனதோ என்னவோ, அப்போதே வந்தது. கை பிசுபிசுவென்று இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள். ஒரு பெண் தேன் குரலில் கேட்டாள்.

"மேடம், உங்க வண்டி எவ்வளவு நம்பகமா இருக்கு? பத்துக்கு எத்தனை மார்க் கொடுப்பீங்க?"

"பத்து."

மாதவன் சார் முகத்தில் சிரிப்பு ஏறியது.

"வழியில எப்பவாவது நின்னிருக்கா மேடம்?"

"களைச்சா நிக்கும்மா. நீ நிக்க மாட்டியா?"

"சரிங்க மேடம். சர்வீஸ் சென்டருக்குப் பத்துக்கு எத்தனை?"

"ஒண்ணு."

"பத்துன்னு சொன்னீங்களா மேடம்?"

"ஒண்ணும்மா. அதுவும் இந்த அல்வாவுக்கு. வண்டி தங்கம். அதுக்கு இன்னா நோவுன்னு பாக்கத் துப்பில்லாதவங்க இங்க குந்தினு கீறாங்க. எழுதிக்கோ."

கைக்குட்டை வெளியே வந்தது. நான்கானது. எட்டானது. அதற்கு மேல் எவ்வளவு சிறிதானது என்று நான் பார்க்கவில்லை. அல்வாத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

வண்டிக்கு விழுந்த பத்து வழக்கம்போலப் பட்டியலுக்குப் போனது. மேனேஜருக்கு விழுந்த ஒன்று தலைமை அலுவலகத்தை உலுக்கியது. மறுநாளே இன்ஜினியர் வந்து இறங்கினார். இளைஞர், நல்ல மனிதர். பானெட்டைத் திறக்கவில்லை. கம்ப்யூட்டரைச் சொருகவில்லை. கஸ்தூரியைக் காரோடு வரவழைத்து, முதல் கேள்வியாக, "அக்கா, இதுல என்ன ஏத்துறீங்க?" என்றார்.

இத்தனை நாளில் எங்கள் கூடத்தில் யாரும் கேட்காத கேள்வி. அவள் என்னைப் பார்த்தாள், மாதவன் சாரைப் பார்த்தாள், பிறகு தலையை நிமிர்த்தி, "நண்டு" என்றாள்.

மாதவன் சாரின் கைக்குட்டை உடனே மூக்குக்குப் போனது. சாம்பிராணி மணக்கிற காருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு! இத்தனை மாதமாக அந்தக் காருக்குள் தலையை விட்டு 'என்ன சுத்தம், என்ன சுத்தம்' என்றவர், நண்டு என்ற சொல் காதில் விழுந்த பிறகுதான் நாற்றத்தைக் கண்டுபிடித்தார்.

இன்ஜினியர் பின்சீட்டைத் தூக்கினார். பெட்ரோல் பம்புக்குப் போகிற வயர் இணைகிற இடம் உப்புப் பூத்துப் பச்சையாக இருந்தது. "கார் நல்ல கார்தான் அக்கா, பட்டியல்ல பொய் இல்லை. மார்க் போட்டவங்க எல்லாம் இதுல பிள்ளைங்களை ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போறவங்க. பிள்ளைங்க மேல யாரும் உப்புத் தண்ணி தெளிக்கிறதில்லை" என்றார். இணைப்பை மாற்றி, ரப்பர் வைத்து அடைத்தார். "கொஞ்ச நாள் தாங்கும். நிரந்தரம்னு சொல்ல மாட்டேன். உங்க தொழிலுக்குப் பின்னாடி அடியில கரண்ட் சமாசாரமே இல்லாத வண்டி பாருங்க. பழைய டீசல்ல பம்பு முன்னாடி இன்ஜினோடவே இருக்கும்."

அவர் போனதும் கஸ்தூரி என் மேஜைக்கு வந்தாள்.

"ண்ணா, அந்த பிஸ்கெட்டு கலர் பெரியவர் வருவாரே, அது பழைய டீசல்தான?"

"ஆமா. ஆனா அவரு நாலு மார்க் போட்ட வண்டிம்மா அது."

"மார்க்கை வுடு. இத்தினி வருஷமா வந்து திட்டுறாரே, ஒரு வாட்டியாவது நின்னுச்சுன்னு சொல்லிக்கீறாரா? ஹாரனு, கைப்பிடி, ஹாரனு, கைப்பிடி. அதுக்கு மேல சொல்ல அவருக்கே ஒண்ணும் கிடைக்கலைண்ணா!"

வாசல் மேஜையில் தலைமுடி நரைக்கிற வரை உட்கார்ந்து குறை கேட்டவன் நான். அந்த நிமிஷம் வரை எனக்கு இது உறைக்கவில்லை.

இருவருமாகத் திருப்பாலைவனம் போனோம். தணிகாசலத்தின் மகன் அந்த மாதம்தான் பட்டியலில் முதலில் இருந்த அதே மாடல் வெள்ளைக் காரைப் புதிதாக எடுத்திருந்தான். பழையது வைக்கோல் போருக்குப் பக்கத்தில் சும்மா நின்றது. அன்று நடந்த மாதிரி ஒரு வியாபாரத்தை நான் பார்த்ததில்லை. விற்கிறவர் பொருளைத் திட்டினார். வாங்க வந்தவள் புகழ்ந்தாள்.

"வேணாம்மா. ஹாரன் சத்தமே வராது. சொல்லிட்டேன்."

"நண்டுக்கு இன்னாத்துக்கு நைனா ஹாரன்?"

"கைப்பிடி கத்தும்."

"வழித்துணைக்கு ஆச்சு. எவ்ளோ லட்சணமா நிக்குது பாரு! ராஜா மாதிரி."

தணிகாசலம் திகைத்துப்போனார். அந்தக் காரை யாரும் புகழ்ந்து அவர் கேட்டதே இல்லை. கண் பட்டுவிடும் என்று பயந்தோ என்னவோ, சட்டென்று சாவியைக் கொடுத்துவிட்டார்.

அந்தப் பிஸ்கட் நிறக் கார் இன்றைக்கும் தினமும் ஏரித் தண்ணீர் சொட்டச் சொட்டச் சென்னைக்குப் போகிறது. துரு பிடிக்கிறது, தட்டி ஒட்டுகிறார்கள், ஆனால் நிற்கவில்லை. ஏற்றுமதிக்காரர் கஸ்தூரியை விடவில்லை. தோணிரேவு நண்டு புரோக்கர் தராசுக்குப் போகவில்லை. அவளுடைய வெள்ளைக் கார் இப்போது நிஜமாகவே குடும்பத்துக்குத்தான். தணிகாசலம் வீட்டு வெள்ளைக் கார் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போய் வருகிறது. அதுவும் ஒரு நாளும் நிற்கவில்லை. போனில் கேட்டபோது அதற்கு அவர் மூன்று போட்டார். ஏசிக் காற்று முட்டியில் படுகிறதாம். ஆனால் டீக்கடையில் உட்கார்ந்து, "எங்கிட்ட ஒரு டீசல் வண்டி இருந்தது பாரு, தங்கம்யா அது, குடுத்துத் தொலைச்சிட்டேன்" என்று சொல்லாத நாளில்லை. கையை விட்டுப் போனதைப் புகழ்ந்தால் கண் படாது அல்லவா.

அதனால் மூர்த்திக்கும் உங்களுக்கும் சொல்கிறேன்: நட்சத்திரத்தைப் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த நாலரையில் கஸ்தூரிகள் எத்தனை பேர், தணிகாசலங்கள் எத்தனை பேர், அல்வா எத்தனை கிலோ என்று எழுதியிருக்காது. மார்க்கை விட்டுவிட்டு அடியில் எழுதியிருக்கிற குறையைப் படியுங்கள். உங்கள் மாதிரி சுமை ஏற்றுகிற ஆள், உங்கள் மாதிரி உப்புக் காற்றில் வண்டி நிறுத்துகிற ஆள் எதற்காகத் திட்டுகிறார் என்று தேடுங்கள். வண்டி முழுக்கத் தேடியும் ஹாரனைத் தவிர வேறு எதுவும் திட்டக் கிடைக்காத ஒருவர் அகப்பட்டால், ஓடிப்போய் அவர் வண்டியைக் கேளுங்கள்.

போன வாரம் காலையில் கஸ்தூரி என் வீட்டுத் தெருவழியாகப் போனாள். நடுத்தெருவில் ஒரு மாடு. ஹாரன் அடித்தாள். நிஜமாகவே கோழிக்குஞ்சு மாதிரிதான் இருந்தது. மாடு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கையை வெளியே நீட்டிக் கதவைத் தட்டித்தான் விரட்டினாள். தணிகாசலம் அவ்வளவு வருஷமாகச் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை.

கிட்டே போய், "இந்த ஹாரன் ரொம்ப மட்டம்மா, வேற மாட்டித் தரச் சொல்லவா?" என்றேன்.

அவள் பதறிப்போய் என் கையைப் பிடித்து அழுத்தினாள். இன்னொரு கையால் காரின் கதவைத் தடவிக் கொடுத்தாள்.

"மெதுவா பேசுண்ணா," என்றாள். "கேட்டுடப் போவுது."